பங்கு அரிசி

பானையைப் பரணிலிருந்து இறக்கித் தரமாட்டேன் என்று சொர்ணம் கறாராகச் சொல்லிவிட்டாள். பங்குனி வெயில் காலை ஏழு மணிக்கே முதுகைச் சுடுகிறது. முந்தின நாள் முழுக்கக் கடலைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முனகிக் கிடந்த மனுஷன், இன்றைக்கு வல்லத்திராக்கோட்டையிலிருந்து இலுப்பூர் தாண்டிப் போய் அடுப்பு மூட்டப் போகிறாராம். யாருக்குத்தான் எரிச்சல் வராது? "செத்தவுக வீட்டுக்குப் போயி சமைச்சுத் தின்னுட்டு வர்ற கூட்டம் இந்த ஜில்லாவுலயே ஒங்க கூட்டம் ஒண்ணுதான்" என்றாள். ஆத்மநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்து ஏறி, தானே இறக்கினார். இறக்கிய கையோடு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சொர்ணம் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புளியைப் போட்டுப் பானையைத் துலக்கி வைத்ததும் அவள்தான்.

பானை என்பது பேருக்குத்தான். அது ஓர் அலுமினியக் குண்டான். விளிம்பில் இரண்டு சொட்டை, அடியில் எத்தனை துலக்கினாலும் போகாத கரி. எண்பதாம் வருஷம் புதுக்கோட்டைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்து, விடுதியில் இடம் கிடைக்காமல் போன ஒன்பது பேர், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். முதலில் வாங்கின சாமான் இந்தக் குண்டான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஆளுக்கொரு பை அரிசியோடு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். வந்த அரிசியெல்லாம் ஒரே தகர டிரம்மில் விழும். மணமேல்குடி அரிசியும் வல்லத்திராக்கோட்டை அரிசியும் கலந்து, ஒன்று வெந்தும் ஒன்று வேகாமலும் கிடக்கும். முறை வைத்துச் சமைப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பங்கு அரிசி கொண்டுவராதவனுக்கு அந்த வாரம் சோறு கிடையாது, அவன் பெரிய மிராசுதார் மகனாக இருந்தாலும் சரி. கல்லூரியில் இவர்களுக்குப் பானைக்கூட்டம் என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பேரை இவர்கள் பட்டம் மாதிரிச் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

பங்கு இல்லாமல் சாப்பிட்டவன் ஒரே ஒருவன்தான், கண்ணுசாமி. அவன் வீட்டில் கஷ்டம். அதனால் நீ அரிசி கொண்டுவர வேண்டாம், சும்மா சாப்பிடு என்று கூட்டமே பெரிய மனது பண்ணிவிட்டது. சும்மா சாப்பிட அவனுக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, பாத்திரம் கழுவுகிற வேலையை எடுத்துக்கொண்டான். மூன்று வருஷமும் அவனே கழுவினான். "பாத்திரம் கழுவியே பட்டம் வாங்குனவன்டா" என்று நாகராசு எந்தச் சபையிலும் அவன் தோளில் கைபோட்டுச் சொல்லுவான். கண்ணுசாமி சிரித்துக்கொள்வான். பிற்பாடு பி.எட். முடித்து, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதே சிரிப்புத்தான்.

கூட்டத்தில் முதலில் போனவன் மணமேல்குடி அருள்மணி. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வருஷம் திரும்பிய அன்று மிச்சமிருந்த எட்டுப் பேரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். என்ன தோன்றியதோ, ஆத்மநாதன் இந்தக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போனார். ஆளுக்கொரு படி அரிசியும் கொண்டுபோனார்கள். வாசலில் அடுப்புக் கூட்டி உலை வைத்துவிட்டு, ஆத்மநாதன் அருள்மணி சம்சாரத்திடம் போய், "அவன் பங்கு அரிசியக் குடும்மா" என்று கேட்டார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து கொட்டினாள். கொட்டி முடிந்த பிறகுதான் உலையில் அரிசி போட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் நாலு சாவு, நாலு வீடு. எந்த வீட்டிலும் பங்கு அரிசி விழாமல் உலை ஏறினதில்லை. சமைத்து, வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, செத்தவனைப் பற்றிப் பேசிச் சிரித்து, அழுதுவிட்டு வருவார்கள். ஊரில் ஆயிரம் சங்கம் இருக்கலாம், செத்தவனுக்கு இப்படிச் செய்கிற சங்கம் உண்டா என்று ஆத்மநாதனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

போன பங்குனியில் கண்ணுசாமி நெஞ்சுவலியில் போய்விட்டான். ஆறாவது ஆள். இப்போது மிச்சம் மூன்று பேர்: ஆத்மநாதன், துபாயில் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்த நாகராசு, இலுப்பூரில் கமிஷன் மண்டி வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்ட பழனிச்சாமி. மூன்று பேருக்கும் சேர்த்து உடம்பில் இருக்கிற கோளாறை எண்ணினால் ஓர் ஆஸ்பத்திரியே திறக்கலாம்.

நாலு நாளைக்கு முன்னால் ஆத்மநாதன் போன் போட்டபோது எடுத்தது கண்ணுசாமியின் மகள் இலக்கியா. புதுக்கோட்டையில் நர்ஸாக வேலை பார்க்கிற பெண். அம்மா வேண்டாம் என்கிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏதாவது சாமி கும்பிட்டுக்கொள்கிறோம், நீங்கள் எதற்கு இந்த வயதில் அலைகிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாளாம். ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. "அஞ்சு பேருக்குச் செஞ்சுட்டு அவனுக்கு மட்டும் விட்டுட்டா, அவன மட்டும் ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிரும்மா" என்றார். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் தூரத்தில் ஏதோ சொல்வது கேட்டது. "வரச் சொல்றாங்க அங்கிள்" என்று இலக்கியா போனை வைத்துவிட்டாள்.

பழனிச்சாமியின் காரில் போனார்கள், நாகராசுதான் ஓட்டினார். இரண்டு பக்கமும் தைலமரக் காடு. நிழல் கிடையாது, வாசனை மட்டும் உண்டு. நாகராசு வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். கண்ணுசாமியைப் பற்றி இன்றைக்கு என்னென்ன கதை சொல்வது என்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. பாத்திரக் கதைதான் முதலில். பழனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டு, சுகர் மாத்திரை போட மறந்துவிட்டேன் என்று இரண்டு தரம் சொன்னார். ஆத்மநாதன் மடியில் குண்டான் இருந்தது. அதற்குள் மூன்று பை அரிசி.

கண்ணுசாமி வீடு காலனியின் முதல் வீடு. தலைமையாசிரியர் ஆன பிறகும் டவுனுக்குக் குடிபோகாமல், அப்பன் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக்கொண்டவன். வாசலில் வேப்பமரம், அடிகுழாய், ஓரமாகச் செங்கல் அடுக்கு. மூன்று பேரும் இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் ஆத்மநாதனுக்கு ஒன்று உறைத்தது. செத்த அன்று வந்து மாலை போட்டுவிட்டுக் கால்மணி நேரத்தில் கிளம்பினதைத் தவிர, இந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. கண்ணுசாமி மகள் கல்யாணம்கூடப் புதுக்கோட்டை மண்டபத்தில் நடந்தது. நாற்பத்து சொச்சம் வருஷச் சிநேகிதம்.

பிச்சையம்மாள் வாசலுக்கு வந்து, "வாங்கண்ணே" என்று மூன்று பேரையும் பொதுவாகக் கூப்பிட்டாள். வெளுத்த சேலை, கழுத்தில் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இலக்கியாதான் கூட இருந்தாள். பழனிச்சாமி நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆத்மநாதனும் நாகராசும் செங்கல்லை மூன்று பக்கமும் கூட்டி, கருவை விறகை முறித்து வைத்து, ஓலைச் சருகு போட்டுப் பற்றவைத்தார்கள். குனிந்து ஊதினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. முன்பெல்லாம் எட்டுப் பேர் செய்த வேலை. இலக்கியா விசிறி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆத்மநாதன் அடிகுழாயில் தண்ணீர் அடித்துக் குண்டானை நிரப்பி அடுப்பில் ஏற்றுவதற்குள் வேர்த்து விறுவிறுத்துவிட்டது. உலை கொதிக்கிற பதம் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்குப் போனார்.

"அவன் பங்கு அரிசியக் குடுங்கம்மா. ஒலை கொதி வந்துருச்சு."

பிச்சையம்மாள் உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரிக்கவில்லை. கண்ணுசாமி படத்துக்குக் கீழே இரண்டு மூட்டை நெல்லும் ஒரு மூட்டை அரிசியும் சாத்தி வைத்திருந்தது.

"அவரு அரிசி ஒங்க பானையில விழுகுறது எப்பருந்துண்ணே வழக்கம்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஆத்மநாதன் சமாளித்திருப்பார். அவள் நேரம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். எல்லார் வீட்டிலும் கேட்கிறதுதான் அம்மா, செத்தவன் பங்கு என்று ஒரு மரியாதை, என்று அவர் என்னமோ சொன்னார். அவள் எழுந்து வாசலுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று வந்தாள் போலிருக்கிறது.

"அஞ்சு வீட்டுக்கு வந்தாரு ஒங்களோட. ஒவ்வொரு தடவையும் ஒரு படி அரிசிய அளந்து பையில போட்டு வாசல்ல வைப்பேன். அந்தப் பைய அங்கனயே வச்சுட்டு, போற வழியில எலைக்கட்டு வாங்கிக்கிட்டுப் போவாரு. ஏன்னு கேட்டா, அங்க என் அரிசி வழக்கமில்லம்பாரு. போயிட்டு வந்தா கையெல்லாம் கரி. ரிட்டயர்டான ஹெட்மாஸ்டரு. பாத்திரம் கழுவிட்டு வந்திருக்காரு. நீங்க யாரும் பாக்கலையாண்ணே?"

பார்த்திருந்தார்கள். ஐந்து வீட்டிலும் இலைக்கட்டோடு வந்து இறங்குவான் கண்ணுசாமி. சாப்பாடு முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் குந்திவிடுவான். நீ விடுடா என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கண்ணுசாமி டிபார்ட்மென்ட் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். கூட்டத்தில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள், அவனை மட்டும் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்பதும் அந்த நிமிஷத்தில்தான் ஆத்மநாதனுக்குத் தட்டுப்பட்டது. இத்தனை வயதுக்கு அப்புறம் தட்டுப்பட்டு என்ன பிரயோசனம்?

நாகராசு எழுந்து வந்து, அப்போது கண்ணுசாமி வீட்டில் கஷ்டம், அதனால்தான் வேண்டாம் என்று விட்டோம், வேறொன்றும் இல்லை தங்கச்சி என்றார்.

"கஷ்டந்தான். ஆனா எங்க மாமியா அரிசி கொண்டாந்துச்சேண்ணே" என்றாள் பிச்சையம்மாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். கண்ணுசாமி சேர்ந்த முதல் வருஷம், தை மாதம். அவன் ஆத்தா அறுப்புக்குப் போன கூலி நெல்லைக் குத்திப் புடைத்து, மகன் சும்மா சாப்பிடக் கூடாது என்று ஐந்து படி அரிசியைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து அந்த ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் வகுப்புக்குப் போயிருந்தான். வீட்டிலிருந்த ஒரு பையன், அரிசியெல்லாம் வேண்டாம் ஆத்தா, கண்ணுசாமி எங்களோட சும்மா சாப்பிடட்டும், நீ கொண்டுபோய் வீட்டுல பொங்கிச் சாப்பிடு என்று திருப்பி அனுப்பிவிட்டான். அந்தப் பொம்பளைக்கு ஒரே சந்தோஷம். தங்கமான பிள்ளைக, என் மகனைச் சொந்தத் தம்பி மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சாகிறவரைக்கும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணுசாமிக்கு மட்டும் அது ஏன் என்று கேட்ட உடனே தெரிந்துவிட்டது. ஆத்தாவிடம் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்.

"ஒங்கள ஒரு நாளும் விட்டுக்குடுத்துப் பேசுனதில்ல. நாந்தான் மனசுக்குள்ள வச்சு அரைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றவள், ஆத்மநாதன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ஆத்மநாதன் வீட்டுல இருந்திருந்தா வாங்கியிருப்பான்னு சொல்லுவாரு. ஆசுபத்திரியில படுத்திருக்கப்பயும் சொன்னாரு. அதான் ஒங்களையே கேக்குறேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாருண்ணே அது? அத மட்டும் சொல்லிருங்க. பங்கு அரிசி தாரேன்."

உலை தளபுளவென்று கொதித்தது. இலக்கியா விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள்.

அது ஆத்மநாதன்தான். அன்றைக்குக் காய்ச்சல் என்று யாரிடமும் சொல்லாமல் பாதி வகுப்பில் திரும்பி வந்து படுத்திருந்தவர் அவர். கதவைத் தட்டின சத்தத்துக்கு எழுந்து போனால், வெயிலில் ஒரு பொம்பளை, தலையில் மூட்டை. புது அரிசி வாசனை. வாங்கி வைக்கக் கையை நீட்டவும் செய்தார். அப்போதுதான் பழனிச்சாமி முதல் வாரமே சொன்னது ஞாபகத்துக்கு வந்தது: அவன் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும், ஆனால் அவன் வீட்டு அரிசி இந்தப் பானையில் விழுந்தால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். ஒரு ஆள் போனால் வாடகை கட்ட முடியாது, கூட்டம் உடைந்துவிடும். கண்ணுசாமிக்கும் மனசு நோகும். பத்தொன்பது வயதுப் பையன், எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்தார். சும்மா சாப்பிடட்டும் ஆத்தா. அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சொம்பைக் கையில் கொடுக்கவில்லை. அவள் இரண்டு கையையும் குவித்தாள், அவர் உயரத் தூக்கி ஊற்றினார். இதைச் செய்ததற்காக அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தார் என்பதுதான் கொடுமை.

அவர் வாயைத் திறப்பதற்குள் நாகராசு முந்திக்கொண்டார். "அது அருள்மணி, தங்கச்சி. அவந்தான் அன்னைக்கு வீட்டுல இருந்தான். வெவரம் தெரியாத வயசு. அவனும் போய்ச் சேந்துட்டான், பாவம்."

பழனிச்சாமி நாற்காலியில் இருந்தபடியே, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பிச்சையம்மாள் தூணிலிருந்து கையை எடுத்தாள். "சரி, போனவுகளக் கோவிச்சு என்ன ஆகப்போகுது" என்றாள். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. உள்ளே போனாள். மூட்டையைப் பிரிக்கிற சத்தமும், படியில் அரிசியை அள்ளித் தலை தட்டுகிற சத்தமும் கேட்டன. நாகராசு ஆத்மநாதன் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். பேசாமல் இருடா என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்து எதற்கு, உலை கொதிக்கிறது, போட்டோமா சாப்பிட்டோமா என்று போவோம். நியாயமாகத்தான் இருந்தது. அருள்மணி செத்துப் பன்னிரண்டு வருஷம். அவனா வந்து இல்லை என்று சொல்லப் போகிறான்?

ஆனால் அருள்மணி சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு அரிசி கொட்டின கோலம் ஆத்மநாதன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. செத்தவனை மறக்கக் கூடாது என்று ஊர் ஊராகக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு, செத்தவன் தலையிலேயே இதைக் கட்டுவதா? கண்ணுசாமி அங்கே படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். ஆத்மநாதன் இருந்திருந்தால் வாங்கியிருப்பான். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவன் இவருக்கு விட்டுப்போனது. வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். மூடிக்கொண்டால் அதை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது?

பிச்சையம்மாள் முறத்தில் அரிசியோடு வந்தாள். வெள்ளை வெளேரென்ற பொன்னி. கண்மாய்க்குக் கீழே அவர் வாங்கிப்போட்ட அரைக் காணியில் விளைந்தது, இந்தத் தையில் அறுத்தது என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.

"நாந்தாம்மா" என்றார் ஆத்மநாதன். "அருள்மணி இல்ல. அன்னைக்கு வீட்டுல இருந்தது நாந்தான். ஒங்க மாமியாளத் திருப்பி அனுப்புனது நாந்தான்."

நாகராசு மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார். பிச்சையம்மாள் கடைசிப் படியில் நின்றாள். முறம் அவள் இடுப்பில் இருந்தது. சில மணிகள் சரிந்து விழுந்தன. அவள் ஆத்மநாதனைப் பார்த்தாள். திரும்பி உள்ளே படம் இருக்கிற பக்கம் பார்த்தாள். அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லவேள. தெரியாமயே போயிட்டாரு" என்றாள்.

அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லலாம், ஆனால் அது அவளிடம் கேட்கிற வார்த்தை இல்லை. கேட்க வேண்டிய இரண்டு பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஆத்மநாதன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வேப்பமரத்தடியில் நாற்காலி நகர்ந்தது. பழனிச்சாமி கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார். எந்த விஷயத்திலும் விட்டுக்கொடுக்காத ஆள், அன்றைக்குப் பார்க்க ரொம்பத் தளர்ந்து தெரிந்தார். "சொன்னது அவன். சொல்ல வச்சது நானும்மா. ஒங்க வீட்டு அரிசி விழுந்தா நான் இருக்கமாட்டேன்னு சொன்னேன்" என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "எங்க அய்யா அப்படிச் சொல்லி அனுப்பிச்சாரு. நானும் சொன்னேன். அம்புட்டுத்தான்" என்றார்.

இலக்கியா வந்து அம்மா தோளைத் தொட்டாள். கிளம்பிவிடலாம் என்று நாகராசு கண்ணைக் காட்டினார். ஆத்மநாதன் குண்டானை இறக்கத் துண்டை மடித்துக்கொண்டு குனிந்தபோதுதான் பிச்சையம்மாள் எழுந்தாள்.

"இருங்கண்ணே. ஒலைய இறக்காதீங்க. ஒங்க மூணு பேரு அரிசியையும் கொண்டுபோயி கார்ல வைங்க."

ஆத்மநாதன் புரியாமல் பார்த்தார்.

"வச்சுட்டு வந்து ஒக்காருங்க. இன்னைக்கு எங்க வீட்டு அரிசி மட்டுந்தான். நீங்க வெறகு தள்ள வேண்டாம், காய் நறுக்க வேண்டாம், ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா சாப்பிட்டுப் போங்க."

நாகராசு மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு போய் காரில் வைத்துவிட்டு வந்தார். பிச்சையம்மாள் முறத்து அரிசியைக் களைந்து, தானே உலையில் போட்டாள். மகள் முருங்கைக்காய் நறுக்கினாள். மூன்று பேரும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம். கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விறகு சரிந்தபோது ஆத்மநாதன் எழப் பார்த்தார். பிச்சையம்மாள் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க இருங்கண்ணே" என்றாள். தண்ணீர் அடிக்க நாகராசு குடத்தைத் தொட்டார். அதற்கும் அதே பதில். நாகராசு காரில் வரும்போது வைத்திருந்த கதை ஒன்றும் வெளியே வரவில்லை. ஓர் ஆள், தன்னால் ஆன எதுவும் அந்த வீட்டுக்கு வேண்டியதில்லை என்று உட்கார்ந்திருப்பது இவ்வளவு பாரமான வேலை என்று மூன்று பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூடத்தில், படத்துக்கு எதிரே பந்திப் பாய் விரித்து இலை போட்டார்கள். பழனிச்சாமியால் கீழே உட்கார முடியாது. நாற்காலியும் ஸ்டூலும் போட்டுத் தருகிறேன் என்று இலக்கியா சொல்லியும், வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், அப்பளம், மோர். ஒரே வயலில் விளைந்த அரிசி, எல்லா மணியும் ஒன்றுபோல வெந்திருந்தது. ஆத்மநாதன் காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பியவர். மணி இரண்டாகப் போகிறது. முதல் கவளத்திலேயே பசி பிடித்துக்கொண்டது. அழுத கண்ணோடு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். இலை சீக்கிரமே காலியாகிவிட்டது. பாதி வயிறுகூட நிறையவில்லை.

பிச்சையம்மாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து குனிந்தாள்.

"சோறு வைக்கவாண்ணே?"

வைம்மா என்று சொல்ல வேண்டும். ஒரே எழுத்து, அதற்குமேல் ஒரு அம்மா. அது நாக்குக்கு வரவில்லை. ஒன்றும் கொடுக்காமல் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிற வீட்டில் இன்னும் கொஞ்சம் போடு என்று எப்படிக் கேட்பது? அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுசாமி மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட இரண்டாவது தடவை சோறு வாங்கினதில்லை. போதும், போதும் என்று இலைக்கு மேலே கையை விரித்துவிடுவான். உனக்குக் குருவி வயிறுடா என்று எட்டுப் பேரும் சிரிப்பார்கள். ஒரு தடவை புரொபசர் வீட்டுக் கல்யாணத்தில் அவன் நாலு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதை எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். மறுநாள் அந்த ஓட்டு வீட்டில் மறுபடி குருவி வயிறுதான். அவன் கையை விரித்தபோது, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள் என்று யாரும் வற்புறுத்தியதில்லை.

"போதும்மா" என்றார் ஆத்மநாதன்.

பிச்சையம்மாளும் வற்புறுத்தவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.